காலேஜ் மாறணுமா? ஆர்டர் கைக்கு வரும் வரை டி.சி. வாங்காதீங்க!

(நம் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)

 

என்னை எதைப் பத்திப் பேசணும்னு கேட்டப்போ, உங்க கூட்டமைப்பிலேயே தலைப்பைச் சொல்லிட்டாங்க. "எங்க குழுக்கள்ல நிறைய பொண்ணுங்க இப்ப காலேஜ் போறாங்க. ஒரு வருஷம் முடிஞ்சதும் வேற காலேஜுக்கு மாத்தணும்னு அலையறாங்க. யாருக்கும் வழி தெரியல"ன்னு சொன்னாங்க. மாத்தணும்னு நினைக்கிறதுக்குக் காரணம் வீட்டுக்கு வீடு வேற. ஒருத்திக்கு பஸ் இரண்டு மாறிப் போகணும், வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகுது. ஒருத்திக்கு ஹாஸ்டல் ஒத்துக்கல. ஒரு வீட்டில் அப்பா தவறிட்டார், பெரிய பீஸ் கட்ட முடியல, அரசுக் கல்லூரிக்கு மாத்தணும். இன்னொரு வீட்டில் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு, மாப்பிள்ளை ஊரில் படிப்பைத் தொடரணும்.

காரணம் எதுவானாலும் சரி. அலுவலகத்தில் நான் பார்த்தது ஒன்றுதான். கல்லூரி மாற்றம் கிடைக்காததால் படிப்பை விட்ட பெண்கள் குறைவு. கிடைக்கும்னு நம்பி, கையில் இருந்த இடத்தை முதலில் விட்டுட்டு, அப்புறம் இரண்டுக்கும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த பெண்கள்தான் அதிகம். அதனால்தான் இன்றைக்கு டி.சி.யைப் பத்திக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போறேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறேன். நம்ம குழுவில் ஒரு உறுப்பினர் கல்யாணமாகி வேற ஊருக்குப் போறாள். அந்த ஊர்க் குழுவில் சேரணும்னு ஆசைப்படறாள். என்ன செய்வீங்க? இங்கே கடன் பாக்கி இருந்தால் முடிக்கச் சொல்வீங்க. சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பீங்க. பதிவேட்டில் பேரை எடுப்பீங்க. ஆனால் அங்கே அவளைச் சேர்த்துக்கிறதா வேண்டாமா என்பது அந்தக் குழுவின் தீர்மானம். அங்கே ஏற்கெனவே 20 பேர் இருந்தால் இடம் இல்லைன்னு சொல்லிடுவாங்க. இங்கே அவள் எவ்வளவு ஒழுங்காகச் சேமித்தாலும் அங்கே போய்ச் சண்டை போட முடியாது.

கல்லூரியும் அதே மாதிரிதான். ரேஷன் கார்டில் விலாசம் மாத்துற மாதிரி ஒரே மனுவில் முடியற விஷயம் இல்லை. ஒரு பாடப்பிரிவுக்கு 60 இடம்னு பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தால், 60 பேர் இருக்கிற வகுப்பில் 61-வது ஆளைச் சேர்க்க பிரின்சிபால் நினைத்தாலும் முடியாது. ஆனால் ஒரு நல்ல விஷயமும் இருக்கு. முதல் வருஷம் முடியறதுக்குள் சிலர் நின்னுடறாங்க. அந்தக் காலி இடம் இரண்டாம் வருஷத் தொடக்கத்தில், அதாவது மூன்றாவது செமஸ்டரில் இருக்கும். பெரும்பாலும் மாற்றம் கொடுக்கிற நேரமும் அதுதான். கடைசி வருஷத்தில் மாற்றம் கிடைப்பது மிக அரிது. அதனால் கேட்கணும்னா முதல் வருஷத் தேர்வு முடிகிற சமயத்திலேயே ஆரம்பிச்சிடணும்.

முதலில் போக வேண்டியது புதிய கல்லூரிக்கு. பழைய கல்லூரிக்கு இல்லை. "உங்க கல்லூரியில் இந்தப் பாடத்தில் இரண்டாம் ஆண்டில் காலி இடம் இருக்கா, எங்க பொண்ணைச் சேர்த்துக்கச் சம்மதமா"ன்னு கேட்டு, அதை எழுத்தில் வாங்கணும். அதற்குப் பிறகுதான் படிக்கிற கல்லூரியில் ஆட்சேபனை இல்லைச் சான்று கேட்கணும். என்.ஓ.சி.ன்னு சொல்வாங்க. இதையும் டி.சி.யையும் ஒண்ணுன்னு நினைச்சுக் குழப்பிக்கிறவங்க ரொம்பப் பேர். என்.ஓ.சி. என்றால் "இவள் போவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்கிற கடிதம், அவ்வளவுதான். அவள் பேர் வருகைப் பதிவேட்டில் அப்படியே இருக்கும், நாளைக்கும் வகுப்புக்குப் போகலாம். டி.சி. கொடுத்துட்டால் பேரை அடிச்சிடுவாங்க. திரும்ப அதே வகுப்பில் உட்காரணும்னா கல்லூரி சொன்னால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தில் மறுசேர்க்கை அனுமதி வாங்கணும்.

இந்த இரண்டு கடிதமும், மதிப்பெண் பட்டியல் நகல்களும், காரணத்துக்கான ஆதாரமும் சேர்த்து, கட்டணம் கட்டி, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போகும். அவர்கள் அனுமதி ஆர்டர் போட்ட பிறகுதான் டி.சி. வாங்கணும். பொறியியல் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் உத்தரவும் வேணும். விண்ணப்பம் போட இவ்வளவு தேதிதான்னு இருக்கும். அதைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கணும்.

இதுவரைக்கும் சொன்னது ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவது. பல்கலைக்கழகம் மாறினால் இன்னும் ஒரு சிக்கல் சேரும். பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் காவிரிப் பாலம் ஒண்ணுதான் இருக்கு. ஆனால் நாமக்கல் மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலத்தில் இருக்கிற பெரியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவை. ஈரோடு மாவட்டக் கலைக் கல்லூரிகள் கோவையில் இருக்கிற பாரதியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவை. பாலத்தைத் தாண்டினால் பாடத்திட்டம் மாறிடும். இரண்டு இடத்திலும் பி.காம்.தான். ஆனால் இங்கே முதல் வருஷம் வைக்கிற ஒரு பாடத்தை அங்கே இரண்டாம் வருஷம் வைத்திருக்கலாம். அப்போ நம்ம பொண்ணு ஒரு பாடத்தை இரண்டு தடவை படிப்பாள், இன்னொன்றைப் படிக்காமலே விட்டிருப்பாள். விட்டுப்போன பாடத்தைப் புதிய இடத்தில் கூடுதலாக எழுதணும். எத்தனை பாடம் கூடுதலாக எழுதணும்னு ஆர்டர் வருவதற்கு முன்னாலேயே கேட்டுக்கோங்க. இரண்டு பாடம்னா சமாளிக்கலாம். ஆறு ஏழுன்னா, மாறுவது நல்லதா என்று பொண்ணோடு உட்கார்ந்து யோசிக்கணும். பல்கலைக்கழகம் மாறுகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேணும். மைக்ரேஷன்னு சொல்வாங்க. டி.சி. கல்லூரி தருவது, மைக்ரேஷன் பல்கலைக்கழகம் தருவது.

ஒரே பல்கலைக்கழகமாக இருந்தாலும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களே பாடத்திட்டம் போட்டுக்குவாங்க. அட்டானமஸ்னு பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கும். அதனால் அங்கிருந்து மாறினாலும், அங்கே மாறினாலும் இந்தப் பாடக் கணக்கு வரும்.

இப்போ புதுசா ஏ.பி.சி. கணக்குன்னு ஒண்ணு 2021-ல் வந்திருக்கு. பொண்ணு தேறிய பாடங்களின் மதிப்புப் புள்ளிகள் அதில் சேமிப்பு மாதிரி ஏறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிலர் "அந்த நம்பர் இருந்தா எந்த காலேஜிலும் சேரலாம்"னு சொல்லித் திரியறாங்க. நம்ம சேமிப்புப் பாஸ் புக்கைக் காட்டினால் அடுத்த குழு உறுப்பினர் ஆக்கிடுமா? காலி இடம் வேணும், அவங்க ஒத்துக்கணும்.

சரி, விண்ணப்பம் போட்டாச்சு. இனிமேல்தான் கஷ்ட காலம். பதில் வர இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாசமும் ஆகலாம். இதற்குள் புது செமஸ்டர் தொடங்கிடும். "எப்படியும் மாறப் போறோம், இங்கே எதுக்குப் போகணும்"னு பொண்ணு வீட்டில் இருந்துடுவாள். அம்மாவும் பஸ் காசு மிச்சம்னு விட்டுடுவாங்க. கணக்குப் பாருங்க. ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேணும். அப்படின்னா 68 நாள் வந்திருக்கணும். விடக்கூடியது 22 நாள்தான், அதாவது நாலு வாரம் கூட முழுசா இல்லை. பதில் ஆறு வாரம் கழிச்சு "இடம் இல்லை"ன்னு வந்தால், பழைய கல்லூரியிலும் அந்த செமஸ்டர் போச்சு. பதில் வரும் வரைக்கும் அவள் அந்தக் கல்லூரி மாணவிதான். தினமும் போகணும், பீஸ் கட்டணும், உள்மதிப்பீட்டுத் தேர்வு எழுதணும்.

அந்தச் சமயம் பிள்ளைங்க மனசு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சக மாணவிகள் "நீ போகப் போறவதானே"ன்னு ஒதுக்குவாங்க. சில ஆசிரியர்களும் ஒரு மாதிரி பேசுவாங்க. பொண்ணு சரியாச் சாப்பிடாது, போனையே பார்த்துக்கிட்டு இருக்கும். அப்போ நாம, "உன்னாலதான் இவ்வளவு அலைச்சல், அங்கேயே ஒழுங்கா இருந்திருக்கலாம்ல"ன்னு சொல்லிடறோம். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. அந்த அலைச்சலில் பாதியை அவளும்தான் அலையறாள். ஹாஸ்டலில் ஏதாவது தொந்தரவுக்காக மாறணும்னு கேட்கிற பொண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேணும். என்ன தொந்தரவுன்னு தனியா உட்கார வச்சுக் கேளுங்க. அது மாற்றம் வரும் வரை காத்திருக்கக் கூடிய விஷயமா, உடனே வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வர வேண்டிய விஷயமான்னு தெரிஞ்சுக்கணும். உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்துன்னா வருகைக் கணக்கெல்லாம் அப்புறம்.

இன்னொரு மாதிரி மாற்றம் இருக்கு. முதல் வருஷத்தில், சேர்ந்த சில வாரத்திலேயே நடப்பது. அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருப்போம். தரவரிசைப் பட்டியலில் பேர் கீழே இருக்கும். எதற்கும் இருக்கட்டும்னு பக்கத்துத் தனியார் கல்லூரியில் நகையை அடகு வச்சுச் சேர்த்துடுவோம். மூணு வாரம் கழிச்சு அரசுக் கல்லூரியில் இருந்து கலந்தாய்வுக்குக் கூப்பிடுவாங்க. ஒரிஜினல் டி.சி.யும் மார்க் சீட்டும் தனியார் கல்லூரி அலமாரியில் இருக்கும். கேட்டால், "மூணு வருஷ பீஸும் கட்டிட்டு வாங்கிக்கோ"ன்னு சொல்கிற இடங்கள் இருக்கு.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு, யு.ஜி.சி.ன்னு சொல்றோமே, அது 2018-ல் அறிவிப்பு போட்டிருக்கு. மதிப்பெண் பட்டியல், டி.சி. போன்ற அசல் சான்றிதழ்களைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், கல்லூரியில் வச்சுக்கக் கூடாது. படிக்காத வருஷத்துக்குப் பீஸ் கேட்கக் கூடாது. கட்டிய பீஸ் எவ்வளவு திரும்ப வரும் என்பதற்கும் கணக்கு இருக்கு. கல்லூரி அறிவிச்ச சேர்க்கைக் கடைசித் தேதியை வைத்துப் பார்க்கணும். அந்தத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னாடி விலகினால் முழுப் பீஸும் திரும்பணும், அலுவலகச் செலவுன்னு கட்டிய பீஸில் 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிச்சுக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரைக்கும் 80 சதவீதம். 30 நாள் வரைக்கும் பாதி. அதற்கு மேல் போனால் பீஸ் வராது, முன்வைப்புத் தொகை மட்டும் வரும். 20,000 ரூபாய் கட்டியவருக்கு 18,000 வரணுமா 10,000 வரணுமா என்பது, நீங்க எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தீங்க என்பதில் இருக்கு. அதனால் வாயால் சொல்லிட்டு வராதீங்க. அன்னைக்கே விலகல் கடிதம் எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கிடுங்க. 2024-25-ம் கல்வி ஆண்டில் இன்னும் தாராளமா, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தரணும்னு யு.ஜி.சி. சொன்னது. உங்க பிள்ளை சேருகிற வருஷத்துக்கு என்ன அறிவிப்பு வந்திருக்குன்னு இ-சேவை மையத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

கல்லூரி மறுத்தால் என்ன செய்வது? 2023-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்கணும். எழுதிக் கொடுத்த புகாரின் மேல் 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தரணும். அதிலும் திருப்தி இல்லைன்னா பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு போகலாம். "மூணு வருஷ பீஸ்"னு அதட்டுகிறவங்க கூட, இந்தக் குழுவின் பேரைச் சொல்லி எழுதிய மனுவை நீட்டினால் குரலைத் தணிச்சுக்கிறதை நான் பார்த்திருக்கேன். மனுவோடு அந்தப் பொண்ணும் அம்மாவும் மட்டும் போகாமல் குழுவில் இருந்து நாலு பேர் கூடப் போங்க. சண்டைக்கு இல்லை, துணைக்கு.

இப்போ கல்யாண விஷயம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. "கல்யாணம் முடியட்டும், அங்கேயே காலேஜ் மாத்திப் படிக்க வைக்கிறோம்"னு மாப்பிள்ளை வீட்டில் சொல்றாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க, பலர் அதை நிறைவேத்தவும் நினைக்கிறாங்க. ஆனால் இவ்வளவு நேரம் சொன்னேனே, காலி இடம், இரண்டு கல்லூரிச் சம்மதம், பாடக் கணக்கு, பல்கலைக்கழக ஆர்டர், இதெல்லாம் அந்த வீட்டுக்காரங்க கையில் இல்லை. தை மாசம் கல்யாணம் வச்சால் செமஸ்டர் நடுவில் இருக்கும், அப்போ மாற்றமே கிடையாது. ஜூன் வரை பொண்ணு வீட்டில் இருப்பாள். ஜூனில் அவள் முழுகாமல் இருந்தால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு ஆகிடும். அடுத்த வருஷம் கைக்குழந்தை. யாரும் அவள் படிப்பை நிறுத்தல, ஆனால் படிப்பு நின்னு போச்சு. இப்படி டி.சி. வாங்க வந்த பொண்ணுங்களுக்கு என் கையால் எழுதிக் கொடுத்த சான்றிதழ்கள் எத்தனையோ. வாங்கும்போது எல்லாரும், "அங்க சேரப் போறேன் மேடம்"னுதான் சொல்லுவாங்க. சேர்ந்திருந்தால் படிப்பு விவரம் கேட்டு அந்தக் கல்லூரியில் இருந்து எங்களுக்குக் கடிதம் வரணும். அப்படி வந்தது கொஞ்சம்தான்.

அதனால் நிச்சயம் பேசும்போதே, வெத்தலை பாக்கு மாத்தறதுக்கு முன்னாடி, கல்யாணத் தேதியைப் படிப்போடு சேர்த்துப் பேசுங்க. மூணு வருஷப் படிப்பில் இரண்டு வருஷம் முடிஞ்சுடுச்சுன்னா, மாற்றம் தேட வேண்டாம், மிச்சம் ஒரு வருஷத்தை இங்கேயே முடிச்சுட்டு வரட்டும்னு தைரியமாச் சொல்லுங்க. முதல் வருஷம்தான் முடிஞ்சிருக்குன்னா, மாற்றல் ஆர்டர் வந்த பிறகு தேதி குறிக்கலாம்னு கேளுங்க. பெத்தவங்க கேட்டால் பேச்சு முறியும்னு பயப்படறாங்க. ஒரு வருஷம் காத்திருக்க மாட்டோம்னு சொல்ற வீடு, பிறகு அவளைக் காலேஜுக்கு அனுப்புமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பணத்தைப் பத்தியும் இரண்டு வார்த்தை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிச்ச பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அந்த உதவித்தொகை வாங்குகிற பொண்ணு மாறினால், பழைய கல்லூரிப் பதிவில் இருந்து பேரை விடுவிச்சு, புதிய கல்லூரிப் பதிவில் ஏத்தணும்னு இரண்டு அலுவலகத்திலும் கேளுங்க. விட்டுட்டால் பணம் நடுவில் நின்னுடும். கலந்தாய்வு மூலம் முதல் பட்டதாரி சலுகையோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடோ வாங்கிச் சேர்ந்த பிள்ளைகள் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சலுகை அந்தச் சீட்டோடு சேர்ந்து வந்தது. மாறினால் கூட வருமா என்று எழுத்தில் பதில் வாங்காமல் நகராதீங்க. கல்விக் கடன் இருந்தால் வங்கிக்கும் கடிதம் கொடுக்கணும். வங்கி அந்தக் கல்லூரி பேருக்குத்தான் கடன் கொடுத்திருக்கு.

"பல்கலைக்கழகத்தில் ஆள் இருக்கு, 30,000 கொடுத்தா மாத்தித் தர்றேன்"னு வருகிறவர்களுக்குச் சங்கக் கடன் எடுத்துக் கொடுக்காதீங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னாலும் மாசம் 300 ரூபாய், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணும். பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத பணம் எங்கே போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளும், அதற்கு அவர் சொன்ன பதில்களும்:

கேள்வி: என் மகள் அவசரப்பட்டு டி.சி. வாங்கிட்டாள். புதுக் காலேஜில் இடம் இல்லைன்னுட்டாங்க. இப்ப என்ன செய்ய?

பதில்: அந்த டி.சி.யை எடுத்துக்கிட்டு நாளைக்கே பழைய கல்லூரி முதல்வரைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க. அவள் இடம் இன்னும் காலியா இருந்தால் மறுசேர்க்கைக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவாங்க. இந்த செமஸ்டர் போனாலும், எழுதித் தேறிய பாடங்கள் எங்கேயும் போகாது. அடுத்த வருஷம் அதே செமஸ்டரில் சேர முடியுமான்னும் கேட்டு வைங்க.

கேள்வி: அரியர் இருந்தா மாத்த மாட்டாங்களா?

பதில்: பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி வேற. அரியர் இருந்தால் புதிய கல்லூரி தயங்கும், அது நிச்சயம். முடிஞ்சவரை எழுதித் தேறிட்டு விண்ணப்பிக்கிறது நல்லது.

கேள்வி: விண்ணப்பம் போட்டு ஒரு மாசம் ஆச்சு. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டால் கோவிச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: கோவிச்சுக்கட்டும், கேளுங்க. கேட்காத கோப்பு அடியில் போயிடும். விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த எண்ணில் அனுப்பினாங்கன்னு கல்லூரியில் குறிச்சு வாங்கிக்கோங்க, எண் இல்லாமல் போனால் தேட மாட்டாங்க. அப்பவும் பதில் இல்லைன்னா 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி, "என் மகளின் விண்ணப்பம் இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன முடிவு எடுக்கப்பட்டது"ன்னு பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அனுப்புங்க. 10 ரூபாய் கட்டணம். 30 நாளுக்குள் பதில் தரணும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதுக்குச் சான்று வச்சால் அந்த 10 ரூபாயும் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமா வைங்க. நேரில் போகிறதா இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம், கூட்டமா இருக்கும். செவ்வாய், புதன் காலையில் போங்க.